மேனேஜர் தூங்குகிறார்

"மாத்திரை கொடுத்தாச்சா இல்லையான்னு கேட்டா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

மாஸ்டரின் மனைவி இதைத் தாலாட்டுப் பாடுகிற குரலில், முகம் கொள்ளாத சிரிப்போடு கேட்டாள்.

"நீ கேட்டது என் காதுல விழுந்தாத்தானே சொல்றதுக்கு," என்று மாஸ்டரும் பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டே கிசுகிசுத்தார்.

இருவருக்கும் நடுவில், கிழிந்த சோபாவுக்கு அடியில், மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவள் பஸ் கண்டக்டர். இருவருக்கும் தொண்டைதான் மூலதனம். அந்த மூலதனத்தை வீட்டிலும் அவர்கள் தாராளமாகச் செலவு செய்து வந்தார்கள். அவர்கள் சண்டை போடாத நாள் ஒன்று இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஞாபகமில்லை.

மேனேஜர் அவர்களுடைய கிழட்டு நாய். நாள் முழுக்கத் தூங்குவதும், எழுந்தால் எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பதுமாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போதெல்லாம் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பதவிக்கேற்ற திமிர் என்று மாஸ்டருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

போன மாதம் அதற்கு வலிப்பு வந்தது. நான்கு காலும் காற்றில் ஓட, வாயில் நுரை தள்ள, கண் செருகிக் கிடந்ததைப் பார்த்தபோது, ஊரையே அதட்டுகிற மாஸ்டருக்குக் குரலே எழும்பவில்லை. போர்வையில் சுருட்டி அள்ளிக்கொண்டு கால்நடை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். ஊசி, டிரிப், ஸ்கேன் என்று எல்லாம் ஆகி மேனேஜர் பிழைத்தது. புது சோபா வாங்க வைத்திருந்த பணம் பில்லோடு போனது.

இந்தக் கதி யாரால் வந்தது என்று கவுன்ட்டர் முன்னாலேயே இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரே வெளியே வந்து, சீட்டில் எழுதிக் கொடுத்து, வாயாலும் சொன்னார்.

"வீட்ல சத்தமே கூடாது. சண்டைங்கிறது முகத்துல கூடத் தெரியக் கூடாது. இன்னொரு தடவை இப்படின்னா தாங்காதுங்க."

அன்றே மாஸ்டர் காலிங்பெல் வயரைப் பிடுங்கினார். காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சிலிண்டர் போனது யாரால் என்று கிசுகிசுப்பாக ஒரு சண்டை. பாதி வார்த்தை கேட்காமல் "என்ன, என்ன" என்று கேட்டுக் கேட்டு, பத்து நிமிஷத்தில் முடிய வேண்டியது ராத்திரிச் சாப்பாடு வரை இழுத்தது.

சரி, எழுதிக் காட்டிக்கொள்ளலாம் என்றாள் அவள். அவள் எழுதிய முதல் வசவிலேயே இரண்டு எழுத்துப்பிழைகளை மாஸ்டர் சிவப்பு மையால் சுழித்தார். அத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்க வீட்ல சத்தமே இல்லியே. பிரிஞ்சிட்டீங்களோன்னு என் சம்சாரம் அழுதிட்டிருக்கா."

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பயந்துபோய் ஜன்னலை விட்டு விலகினார்.

கடைசியில் மாஸ்டர் தன் வாயை அடைக்கத் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். கோபம் வந்தால் கழுத்தில் தொங்கும் விசிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தாலாட்டுக் குரலில் ஆரம்பித்தாள். "'என் பிள்ளை ஒண்ணுத்துக்கும் உதவ மாட்டான்'னு உங்கம்மா பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் ஏதோ தன்னடக்கம்னு நினைச்சிட்டேன்."

மாஸ்டர் மூச்சை உள்ளே இழுத்தார். விட்டபோது அது விசில் வழியாக வந்தது.

பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. இருவரும் நடுங்கிப்போய் சோபாவுக்கு அடியில் பார்த்தார்கள். மேனேஜர் அசையவில்லை.

"மேனேஜர்," என்று கூப்பிட்டாள். அசைவில்லை. ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரலில் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை.

"போயிடுச்சுங்க," என்று உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் அதை வாரி எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். பாதி வழியில் அது அவள் மடியில் கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டது.

"மறுபடி வலிப்பு வரப் போகுது போல. சீக்கிரம் போங்க," என்றாள் அவள். மாஸ்டருக்குச் சாலை தெரியாமல் கண்ணில் நீர் மறைத்தது. இது பிழைத்தால் போதும், சோபா வேண்டாம், ஆயுசுக்கும் வாயே திறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவசரக் கட்டணம் இரண்டு மடங்கு என்றார்கள். பேசாமல் கட்டினார்.

டாக்டர் எல்லாம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்கின நாயை எழுப்பிட்டீங்க. மாத்திரை நல்லா வேலை செய்யுது."

"தூக்கமா? அவ்வளவு பெரிய விசில் அடிச்சும் எந்திரிக்கலையே டாக்டர். நீங்க அத்தனை சொல்லியும் சத்தம் போட்டுட்டேன். எல்லாம் என்னாலதான்."

டாக்டர் கை கழுவ அவசரமாக உள்ளே போய்விட்டார். மேனேஜரின் காதைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்குக் காது கேக்காம ரெண்டு மூணு வருஷம் இருக்கும் சார். அந்தச் சீட்டு, பில்லைப் பார்த்துட்டு இங்கயே சண்டை போடுறவங்க எல்லாருக்கும் டாக்டர் எழுதிக் குடுக்கிறது."