ஓடின படமா, உசந்த படமா?

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என் மனைவி சங்கரியிடம் நான் ஒரு வாதத்தில்கூட ஜெயித்ததில்லை. மூன்று தடவை சமன் செய்திருக்கிறேன். அந்த மூன்று தடவையும் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அதனால் போன டிசம்பரில் ஒரு சபதம் எடுத்தேன். வருஷம் முடிவதற்குள் ஒரே ஒரு முறை, ஊரறிய, நாலு பேர் கைதட்ட, இவளைத் தோற்கடித்தே தீருவது. சபதத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடுத்த அறையில் அவள் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் இசக்கிராஜா. கொச்சி மட்டாஞ்சேரியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஊருக்கே பார்வை கொடுக்கிறவன். சினிமாவிலும் எனக்கென்று ஒரு பார்வை இருக்காதா? வருஷம் முழுக்க நல்ல படங்களாகத் தேடிப் பார்த்து, நோட்டில் எழுதி, மார்க் போட்டு வைப்பேன். சங்கரி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். அவளுக்குப் படம் என்றால் கூட்டம் வேண்டும், விசில் வேண்டும், கதாநாயகன் உதைத்தால் நாலு ஜீப்பாவது மேலே போக வேண்டும்.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. ஒரு ஞாயிறு என் படம், மறு ஞாயிறு அவள் படம். என் படத்தில் அவள் தூங்குவாள். அவள் படத்தில் நான் தூங்க மாட்டேன். "இந்த ஜீப் எப்படிப் பறக்கும்? பெட்ரோல்ல பறக்குதா, டீசல்ல பறக்குதா?" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து விளக்கிக்கொண்டே வருவேன். அதை ஒரு சேவையாகத்தான் செய்து வந்தேன்.

"தரம் பாத்துப் படம் பாக்கணும் சங்கரி."

"அதான் ஒரு தரம் பாத்தாச்சே. இன்னொரு தரம் வேறயா?"

"அது கலைப்படம்."

"களைப்பாத்தான் இருந்துச்சு. ஒரு ஆளு படகுத்துறையில பதினோரு நிமிஷம் மீன் கழுவுதான். எங்கிட்ட குடுத்திருந்தா மூணு நிமிஷத்துல கழுவி, கொழம்பே வச்சிருப்பேன்."

"அதுல ஒரு தத்துவம் இருக்கு. ஆனா பாவம், படம் ஓடலை."

"படந்தான் ஓடலை. பாத்தவங்க எல்லாரும் ஓடிட்டாங்க."

எங்கள் வீட்டில் வாதம் என்பது இந்த அழகில்தான் நடக்கும். நான் ஒரு வாக்கியத்தைத் துணி மாதிரி எடுத்துக் கொடுப்பேன், அவள் வெட்டித் தைத்து என்னிடமே திருப்பித் தருவாள்.

இந்த நேரத்தில்தான் சுள்ளிக்கல்லில் உள்ள எங்கள் தமிழ்க் குடும்பங்களின் சங்கத்தில் வருஷக் கடைசிக் கூட்டம் வந்தது. தலைவர் நாணு சார் பாலக்காட்டுத் தமிழர். எர்ணாகுளம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர் தீர்ப்பை எழுதிய கைக்குச் சொந்தமாக ஒரு தீர்ப்புச் சொல்ல ஆசை. பட்டிமன்றம் வைத்துவிட்டார். தலைப்பு: வருஷத்தின் சிறந்த படம் எது, ஓடின படமா, உசந்த படமா?

"உசந்ததுக்கு நீர் பேசணும், வசூலுக்கு உம்ம ஆம்படையாள் பேசணும். கேட்டேளா? ஆத்துல தெனம் நடக்கறதுதானே, ஒரு நாள் மைக் வச்சு நடக்கட்டும். ஓட்டு ஜனங்களோடது."

அன்று சாயங்காலமே சங்கரியிடம் பந்தயம் கட்டினேன்.

"நீ ஜெயிச்சா என்ன வேணும், சொல்லு."

"என் படத்துக்கு வந்தா வாயத் தொறக்கக் கூடாது. இன்டர்வெல்ல மட்டும் பேசிக்கிடலாம்."

"சரி. நான் ஜெயிச்சா, இனிமே உன் வசூல் படம் எதுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. ஒரு வருஷத்துக்கு. நானா வந்தாக்கூட நீ கூட்டிட்டுப் போகக் கூடாது."

துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்த அவள் சாக்குக்கட்டி நின்றது.

"ஒரு வருஷமா?"

"முழுசா ஒரு வருஷம்."

"வாக்கு மாற மாட்டீங்களே?"

"இசக்கிராஜா வாக்கு மாறினான்னு இந்த மட்டாஞ்சேரியில எவனாவது சொல்லியிருக்கானா?"

அவள் மிஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்து தோள் குலுங்க வெகுநேரம் மிதித்தாள். அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பாவம் பார்த்தால் ஜெயிக்க முடியுமா? வேலையில் இறங்கினேன். பெரிய அட்டை ஒன்று வாங்கி நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் என் நோட்டிலிருந்தும் விமர்சகர்களின் வருஷக் கடைசிப் பட்டியல்களிலிருந்தும் பொறுக்கிய பத்து உசந்த படங்கள், தமிழும் மலையாளமும் கலந்து. வலது பக்கம் அதிகம் வசூலித்த பத்து. இரண்டு பக்கமும் இருக்கிற படத்துக்குச் சிவப்புக் கோடு போட்டு இணைத்தேன். ஒரே ஒரு கோடுதான் விழுந்தது. பத்துக்கு ஒன்று! அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

ஆனாலும் ஆதாரத்தை மட்டும் நம்பி யாரும் தேர்தலில் நிற்பதில்லை. சங்கத்து உறுப்பினர்களுக்கு என் கடையில் ஒரு வாரம் இலவசக் கண் பரிசோதனை என்று அறிவித்தேன். கண் பார்த்துப் படிக்கிற பலகையை நானே புதிதாக எழுதினேன். மேலே பெரிதாக 'உ'. அடுத்த வரி 'சந்த'. அதற்கும் கீழே 'படம்'. போகப் போகச் சிறிய எழுத்தில் 'இசக்கிராஜாவுக்கே உங்கள் ஓட்டு'. சங்கத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க மலையாளம்தான் வரும். அவர்களுக்காக மலையாளத்திலும் ஒரு பலகை வைத்தேன்.

அப்பளக் கடை ஆவுடையம்மாள் அக்காவை உட்கார வைத்துக் கேட்டேன். "தெரியுதா அக்கா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"நீ பலவ வச்சிருக்கது தெரியுது."

சரி, அடிப்படை புரிந்துவிட்டது என்று அனுப்பி வைத்தேன்.

கூட்ட நாள். சங்கத்து ஹாலில் ஐம்பது அறுபது பேர். கோர்ட்டில் இருந்த ஏக்கமோ என்னவோ, நாணு சார் ஒரு மணியை மேஜைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அட்டையை விரித்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"பெரியோர்களே! இடது பக்கம் பத்து படம். வலது பக்கம் பத்து படம். நடுவுல எத்தனை கோடு? ஒண்ணு! மக்கள் காசு குடுத்த படமெல்லாம் சிறந்த படம்னா, இந்த அட்டை பூரா சிவப்பாயிருக்கணும். இருக்கா? வசூல் சொல்றது எத்தனை பேர் உள்ள போனான்னு. சிறந்த படம் சொல்றது, வெளிய வரும்போது என்னவா வந்தான்னு!"

கைதட்டல் கூரையைப் பிரித்துக்கொண்டு போனது. அந்த வாக்கியத்தை நான் பதினாறு நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தேன். கடையில் கண்ணாடிக்கா பஞ்சம்?

சங்கரி எழுந்தாள். நான் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜனங்க நெறைய வந்தாங்க. அதனால அது நல்ல படம்," என்றாள்.

அவ்வளவுதானா? நான் துள்ளி எழுந்தேன். "ஜனம் வருதுன்னா நல்ல படமா? சாயங்காலம் தோப்பும்படிப் பாலத்துலகூடத்தான் ஜனம் நிக்குது. டிராஃபிக் ஜாம் நல்ல படமா?"

ஹால் சிரித்தது. சங்கரி தலையைக் குனிந்துகொண்டு, "அது... நீங்க சொல்லுதது சரிதான்," என்றாள்.

சரிதான்! பதினாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் என்னை நோக்கி வந்தது அதுவே முதல் தடவை. அதிர்ச்சியில் நாணு சார் காரணமில்லாமல் மணியை அடித்தார்.

நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு வேர்த்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்தச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள். "இந்தப் படம் ரெண்டு பக்கமும் இருக்கே. இத மொதல்ல தியேட்டர்ல பாக்கும்போது நீங்க..."

அந்தப் படம் பார்த்த அன்று அதை 'குப்பை' என்று நோட்டில் எழுதியிருந்தேன். விமர்சகர்கள் பாராட்டிய பிறகு 'குப்பை'யை அழித்துவிட்டு 'காவியம்' என்று திருத்தினேன். சங்கரிக்குத் தெரியும். ரப்பர் எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஹாலைப் பார்த்தாள். "இல்ல, மறந்துபோச்சு," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

தெய்வம் என் பக்கம் என்று அப்போது முடிவு செய்தேன்.

சீட்டு எழுதிப் போட்டார்கள். நாணு சார் எண்ணினார். எனக்கு நாற்பத்து மூன்று, சங்கரிக்கு ஒன்பது.

"ரண்டு பேரும் நன்னாப் பேசினா. ஆனா ஜெயிச்சது இசக்கிராஜாவாக்கும்!"

பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஹாலிலிருந்து வீட்டுக்கு ஆறு நிமிஷ நடை. நான் பொன்னாடையோடு ஒரு மணி நேரம் நடந்தேன். வேண்டுமென்றே கடைத்தெரு வழியாகச் சுற்றினேன். சாயாக்கடைச் சேட்டன், "எந்தாணு, கல்யாணமா?" என்று கேட்டார். "அதைவிடப் பெரிசு சேட்டா, பொண்டாட்டிய ஜெயிச்சிட்டேன்," என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். சாயாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த ஒரு மணி நேரம் இந்தக் கொச்சியில் என்னைவிட உயரமான ஆள் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போனால் முந்திரி போட்டுக் கேசரி கிண்டியிருந்தாள் சங்கரி.

"தோத்ததுக்கு யாராவது கேசரி கிண்டுவாங்களா?"

"நீங்க ஜெயிச்சிருக்கீங்கல்லா. எனக்குச் சந்தோசமா இருக்காதா?"

பெருந்தன்மை என்று நினைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் ஒரு பெரிய படம் வந்தது. முதல் நாளே ஊர் இரண்டுபட்டது. எனக்கென்ன? நான்தான் அந்த உலகத்தை ஜெயித்து வெளியே வந்தவனாயிற்றே. ஆனால் என் கடை அப்படி இருக்க விடவில்லை. அந்த வாரம் மட்டும் நாலு பேர் உடைந்த கண்ணாடியோடு வந்தார்கள். நாலு பேரும் அந்தப் படத்தில், அதே காட்சியில், துள்ளிக் குதித்ததில் உடைத்திருந்தார்கள்.

"அப்படி என்ன காட்சி?" என்று நாலாவது ஆளிடம் கேட்டேன். தொழில் முறையில்தான் கேட்டேன்.

"சொன்னா மனசிலாகாது சேட்டா. காணணும்."

வியாழன் அன்று அதன் விளம்பரத்தைப் போனில் பார்த்தேன். வெள்ளி அன்று பதினேழு தடவை பார்த்தேன். சனிக்கிழமை, எனக்குப் பிடித்த விமர்சகரே 'தவறவிடக் கூடாத படம்' என்று எழுதியிருந்தார். அதையும் இரண்டு தடவை படித்தேன்.

ஞாயிறு மதியம். டிவி முன்னால் உட்கார்ந்து, நான் தேர்ந்தெடுத்திருந்த உசந்த படம் ஒன்றைப் போட்டேன். முதல் இருபது நிமிஷம் ஒரு ஜன்னல் வந்தது. வாசலில் ஆட்டோச் சத்தம். ஒன்றல்ல, நாலு ஆட்டோ. எட்டிப் பார்த்தால் சங்கத்துப் பெண்கள் பதினைந்து பேர், எல்லோரும் புது ஜாக்கெட்டில். நடுவில் ஆவுடையம்மாள் அக்கா. உள்ளிருந்து சங்கரி பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க எல்லாரும்?"

"எர்ணாகுளத்துக்குங்க. மூணு மணி ஆட்டம்."

"அந்தப் படத்துக்கா?"

"அதுக்குத்தான்."

ஆவுடையம்மாள் அக்கா ஆட்டோவிலிருந்தே கத்தினாள். "ஏய்யா ராசா, நல்லா இருப்பே! நீ ஜெயிச்சதால நாங்க இனிமே நிம்மதியாப் படம் பாப்போம். போன தடவ நீ பின்னால உக்காந்து பேசுன பேச்சுல எனக்கு வில்லன் செத்தானா இல்லையான்னே தெரியல. அதான் ஒனக்கே ஓட்டுப் போடணும்னு சங்கரி வீடு வீடா வந்து சொல்லிட்டா. போட்ட ஆளுக்கெல்லாம் ஜாக்கெட்டுக்குத் தையல்கூலி கெடையாதுன்னா!"

"அப்போ என் கண் பரிசோதனை? அந்தப் பலகை?"

"அதுல என்னமோ எழுதியிருந்தியே, என்னய்யா அது?"

நான் சங்கரியைப் பார்த்தேன். அவள் சீப்பைத் தேடுவது மாதிரி பைக்குள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அன்றைக்கு மிஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்தபோதும் இப்படித்தான் குலுங்கியது. அது அழுகை இல்லை.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மானம் ஒரு பக்கம் இழுத்தது. அந்தக் காட்சி மறு பக்கம் இழுத்தது. உள்ளே டிவியில் அந்த ஜன்னல் இன்னும் மூடவில்லை.

"சங்கரி," என்றேன், குரலை நன்றாக இறக்கி. "டிக்கெட் ஏதாவது ஒண்ணு கூடுதலா இருக்கா?"

"இருக்குங்க," என்றாள் அவள், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து சேலையை இழுத்து விட்டுக்கொண்டே. "ஆனா நீங்க வராதீங்க. படம் உங்களுக்குப் புடிச்சிரும்."