உங்கள் தம்பி இரண்டு கோட் அடித்த ஸ்கோன்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் தம்பி இருப்பது என் வீட்டில் அல்லவா.

பெயிண்ட் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு நாள் எலுமிச்சை ஸ்கோன் கொடுத்தார். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பண்டம், மேலே பொடித்த சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து ஊற்றியிருந்தது. தின்றுவிட்டு நன்றி சொல்லலாம். இவரோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஃபினிஷிங் சரியில்ல" என்றார். அன்றோடு என் சமையலறை போயிற்று. மாவு சலிப்பது நான், எலுமிச்சைத் தோலோடு விரலையும் சேர்த்துத் துருவிக்கொள்வது நான், தட்டு கழுவுவது நான். அவர் ஓவன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பார். அதற்குப் பெயர் பேக்கிங்காம்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, நம் பெண்ணுக்குப் பிடித்த அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால் கல்யாணம். "கடையில கேக் வாங்கிடலாங்க" என்று கெஞ்சினேன். "சம்பந்தி முன்னால கடைச் சரக்கா?" என்றார். ஸ்கோன் என்னவோ நன்றாகத்தான் வெந்து வந்தது. பொய் சொல்வானேன். அப்படியே சர்க்கரையை ஊற்றியிருந்தால் பிழைத்திருப்போம். மேல்பக்கம் மேடுபள்ளமாக இருக்கிறதாம், பரணிலிருந்து உப்புத்தாளை எடுத்து ஒவ்வொன்றையும் தேய்த்தார். புதுத் தாள்தான் என்று எனக்கு ஆறுதல் வேறு. பள்ளங்களில் சர்க்கரைக் குழம்பை அப்பிச் சுவருக்குப் பார்ப்பதுபோல் பட்டி பார்த்து, பிரஷ்ஷால் ஒரு கோட் அடித்து, ஃபேனுக்கடியில் காயவைத்து, அது இறுகியதும் இன்னொரு கோட். பெண் எட்டிப் பார்த்து, "அப்பா, அது சாப்பிடற பொருள்ப்பா" என்றாள். "அதனாலதான் வார்னிஷ் அடிக்காம விட்டேன்" என்றார்.

பளபளப்பில் குறையில்லை, முகம் பார்த்துத் தலை வாரலாம். பையனின் அப்பா முன்பல்லால் கடித்தார், திருப்பிப் பிடித்துக் கடித்தார், கடைசியில் கடைவாய்க்குத் தள்ளினார். பையனின் அம்மா கெட்டிக்காரர், காபியில் ஊறப்போட்டார். காபிதான் ஆறியது. "வீட்லயே செஞ்சதா?" என்று கேட்டார். "முழுக்க முழுக்க என் கைவேலைங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் உங்கள் தம்பி. அந்த நேரம் பார்த்து பையனின் அப்பாவின் கடைவாயில் கடக்கென்று ஒரு சத்தம். உடனே, "மாவு பிசைஞ்சது இவ" என்றார்.

"போன் பண்றோம்" என்று சொல்லிப் போனவர்கள் இன்றுவரை பண்ணவில்லை. பெண் அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். இவர் என்னடாவென்றால், காற்றில் ஈரம் அதிகம், அதனால்தான் இரண்டாவது கோட் சரியாகப் பிடிக்கவில்லை என்கிறார். அக்கா, தயவுசெய்து உங்கள் தம்பியைக் கொஞ்ச நாள் அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். செல்லம் கொடுத்து வளர்த்தது நீங்கள், அனுபவிக்க உங்களுக்கும் பாத்தியதை உண்டு. அவர் இல்லாத நேரம் பார்த்து நான் போய் பையன் வீட்டார் கையையோ காலையோ பிடித்துக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எல்லோர் பல்லும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பையனின் அம்மா போன் செய்தார். பல் டாக்டரிடம் அலைந்ததில் பேச நேரமில்லையாம். கல்யாணத்துக்குச் சம்மதமாம். "எங்க வீட்லயும் ஒருத்தர் ரிட்டயர் ஆகி ரொட்டி சுட்டுட்டிருக்காரு. உங்களை மாதிரி குடும்பம்தான் எங்களைத் தாங்கும்" என்றார். கல்யாணக் கேக்கைத் தாங்களே செய்வதாக அப்பாக்கள் இருவரும் இன்று காலை எனக்குத் தெரியாமல் போனில் பேசி முடித்துவிட்டார்களாம். ஆகவே உங்கள் தம்பியை அழைத்துக்கொள்ள வேண்டாம், நான் வருகிறேன். சம்பந்தியம்மாவும் என்னோடு வருகிறார். கல்யாணத்தன்று காலையில் நாம் மூவரும் சேர்ந்தே போவோம், கேக் வெட்டுவதற்குள் கிளம்பிவிடுவோம்.