நிச்சயதார்த்தத்தில் ஒரு கொழுப்பு விளக்கம்

ஆராய்ச்சி மாணவியிடம் யாரும் "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்கக்கூடாது. கேட்பவர் மரியாதைக்குத்தான் கேட்கிறார். அது எங்களுக்குப் புரியாது. நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் செல் வளர்த்து, அவற்றோடு மட்டுமே பேசும் ஜென்மங்கள் நாங்கள். ஒரு மனிதக் காது கிடைத்தால் விடுவோமா?

என்னிடம் அப்படி மாட்டியவர் டேனியலின் தாய்மாமா சாமுவேல் அங்கிள். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் எனக்கும் டேனியலுக்கும் அன்று நிச்சயதார்த்தம். மோதிரம் மாற்றிய சூடுகூட ஆறவில்லை.

வருங்கால மாமியார் எஸ்தர் ஆன்டி பூச்சோங்கில் கேட்டரிங் நடத்துபவர். மகனின் நிச்சயத்துக்கு அவரே நின்று மட்டன் பிரியாணி செய்திருந்தார். நெய் வாசனை கார் நிறுத்துமிடம் வரை வந்தது.

"கேன்சர் ஆராய்ச்சின்னு டேனியல் சொன்னான். அப்படி என்னம்மா பண்றீங்க?" என்றார் அங்கிள்.

பிடித்துக்கொண்டேன். "கேன்சர் செல் வேகமா பெருகும், அங்கிள். புது செல்லுக்குச் சுவர் கட்டக் கொழுப்பு வேணும். அதைத் தானே செஞ்சுக்கும். அப்படிச் செஞ்சு கொடுக்க ஒரு என்சைம் இருக்கு. மருந்து வச்சு அதை அடைச்சிட்டா, கொழுப்பு கிடைக்காம செல் செத்துப்போகும்!" (என் பேராசிரியர் கேட்டிருந்தால் "செத்துப்போகலாம்" என்று திருத்தியிருப்பார்.)

அன்றைய அறிவிப்பாளரும் அங்கிள்தான். பெருமை தாங்காமல் மைக்கை எடுத்தார்.

"நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்ல! கொழுப்பை நிறுத்தினா கேன்சர் செத்துடும்னு கண்டுபிடிச்சிருக்கு! இப்போ எல்லாரும் மட்டன் பிரியாணி சாப்பிட வாங்க!"

ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பிறகு கூட்டம் மெல்ல எழுந்து, பிரியாணி அண்டாவைச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளரிக்காய்த் தட்டின் முன் வரிசை கட்டியது.

எஸ்தர் ஆன்டி கரண்டியோடு வெளியே வந்தார். "யாரு என் பிரியாணில கேன்சர்னு சொன்னது?"

மண்டபமே என்னைப் பார்த்தது. டேனியல் மட்டும் தரையைப் பார்த்தான். (அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

நானே சரிசெய்கிறேன் என்று மைக்கை வாங்கினேன். "பயப்படாதீங்க! சாப்பாட்டைப் பத்தி நான் பேசவே இல்ல. இது இன்னும் மனுஷங்களுக்கு வரல. எலிக்குத்தான் கொடுத்துப் பாத்திருக்கோம்!"

நான் சொன்னது மருந்தை. எல்லாரும் பார்த்தது அண்டாவை.

"எலிக்கா?" என்று பின்வரிசையில் ஓர் ஆன்டி அலறினார். "நான் முன்னாடியே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டேன் லா!"

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மோதிரத்தை நானே கழற்றுவதா, அவர்கள் வந்து கழற்றுவார்களா என்று யோசிக்கும்போதே கால் அண்டாவை நோக்கி நடந்தது. தட்டு நிறைய அள்ளி, பட்டுச் சேலையோடு அங்கேயே நின்று சாப்பிட ஆரம்பித்தேன். பயத்தில் தொடங்கியதுதான், கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே என்னை மறந்துவிட்டேன். நல்லி எலும்பை உறிஞ்சிய சத்தம் மண்டபம் முழுக்க எதிரொலித்தது. (மைக்கை அக்குளில் இடுக்கியிருந்தேன். அணைக்கவில்லை.)

முதலில் சிரித்தது எஸ்தர் ஆன்டிதான். "இந்தப் பொண்ணுக்குக் கொழுப்பு ஜாஸ்தி!" என்று சொல்லி, இன்னொரு கறித்துண்டை என் தட்டில் வைத்தார். வரிசை வெள்ளரிக்காயிலிருந்து திரும்பியது.

எல்லாரும் போன பிறகு அண்டா கழுவும்போது மெதுவாகக் கேட்டார். "நெசமாவே அந்த மருந்து வருமா? எங்க அக்கா இதுலதான் போனாங்க."

"தெரியல ஆன்டி. முயற்சி பண்றோம்."

"பண்ணு. நல்லா சாப்பிட்டுட்டுப் பண்ணு."

இன்னும் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், போன மாதம் பாலர் பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அம்மா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு என் மகள் சொன்னாளாம்: "பாட்டி பிரியாணி செய்வாங்க. அம்மா அதை எலிக்குப் போடுவாங்க."