லிந்துலையில் ஒரு பெட்டிக்குக் காய்ச்சல்

இலங்கை மலைநாட்டில் பிறந்து, குளிரைப் பற்றி ஒரு வார்த்தைகூட முணுமுணுக்காமல், சூட்டோடு மட்டுமே சண்டை போட்ட மனிதன் உலகத்தில் ஒருவன்தான் இருந்திருக்கிறான். அவன் என் பக்கத்து வீட்டுக்காரன். பெயர் ரேடியேட்டர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நாங்கள் இருவரும் கிளாக்கர்கள். குவார்ட்டஸில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அவன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கணக்கு எழுத அல்ல, கார் ரேஸ் விளையாட. அந்தப் பக்கம் அவன் கியர் மாற்றினால் இந்தப் பக்கம் என் சோற்றுத் தட்டு அதிரும்.

அந்த நேரம் பார்த்து ஹட்டன் டவுனில் ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டர் ரேஸ் போட்டி வைப்பதாகச் சொன்னார். அவரவர் பெட்டியை அவரவரே தூக்கிக்கொண்டு வர வேண்டும். "கப்பு நம்ம ஆபீசுக்குத்தான் வருது, எடம் ஒதுக்கி வைங்க" என்று ரேடியேட்டர் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். பெரிய கிளாக்கர் தன் மேசையிலிருந்த பூச்சாடியை நகர்த்தி இடமும் ஒதுக்கிவிட்டார். இனி கப்பு வராவிட்டால் அவன் ஆபீசில் தலைகாட்ட முடியாது. ஆனால் பெட்டி காலை வாரியது. ஓட்டிப் பழகும்போது கடைசி ரவுண்டு வந்தால் போதும், சூடேறித் தானாக அணைந்துவிடும்.

"நாமளே ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குறோம். இந்தப் பொட்டிக்கு என்னாடா சூடு?" என்றேன்.

"நமக்கு நடுக்கம்ணே. அதுக்குக் காய்ச்சல். உள்ள தண்ணி ஓட விட்டாத்தான் எறங்கும். லொறிக்கு இருக்குல்ல, அது மாதிரி."

மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீர் விடப்போகிறான் என்று கேட்டதும், என் மனைவி எங்கள் கட்டிலை நடுச்சுவரை விட்டுத் தள்ளிப் போட்டாள்.

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் இருந்த அத்தனை பழைய இரும்புக் கடையிலும் "சின்ன ரேடியேட்டர் இருக்கா?" என்று கேட்டு அலைந்தான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். கடைசியில் ஒரு பழைய வேனின் வயிற்றிலிருந்து கிடைத்தது. மீன் தொட்டி மோட்டர் ஒன்று வந்தது. தண்ணீருக்கு ஜாம் போத்தல். மெஷின் பார்க்கும் பேக்டரி பிட்டரிடம் கெஞ்சி ஒரு செப்புத் தகடு வாங்கி, தன் மீசை தெரியும்வரை அதை ஆபீஸ் நேரத்திலேயே மணல் தாளில் தேய்த்தான். குழாய்க்கு, பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த மேசனின் மட்டம் பார்க்கும் டியூப் போனது. அந்தச் சுவர் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

தண்ணீருக்கு எங்கும் அலையவில்லை. "நம்ம பீலித் தண்ணி ஐஸ் மாதிரி. வெள்ளக்காரனுக்கே கெடைக்காது" என்று, தொழிலாளர் லயத்தில் மலை ஊற்று வந்து விழும் பீலியடியிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினான். மோட்டர் சுழன்றது. உள்ளே தெரிகிற டியூபில் தண்ணீர் ஓடியது. ரேடியேட்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கும்போது அவன் மனைவி மல்லிகா மெதுவாகச் சொன்னாள்:

"என்னாங்க, உள்ள ஒரு அட்டை சுத்துது."

உண்மைதான். பொடி அட்டைப்பூச்சி ஒன்று டியூபுக்குள் பெட்டியை வலம் வந்துகொண்டிருந்தது. குவார்ட்டஸே கூடி நின்று பார்த்தது. அன்றைக்கு ரேஸ் ஓட்டியது அது ஒன்றுதான்.

பிறகு வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றினான். பெட்டி பூனைக்குட்டி மாதிரி அமைதியாகிவிட்டது. முதல் தடவையாக ஒரு ரேஸை முழுதாக ஓட்டி முடித்தான். ஆபீசில் அவன் நடையே மாறியது.

போட்டிக்கு முந்தின நாள் பெட்டி மறுபடி அணைந்தது. என்னைக் கூப்பிட்டான். நான் டோர்ச் பிடிக்க, மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். அங்கே வெளியே வைத்திருந்த வேன் ரேடியேட்டர் மேல் வரிசையாகப் பிள்ளைத் துணிகள்.

"நான்தாங்க போட்டேன்" என்றாள் மல்லிகா.

"எப்பருந்து?"

"மழ தொடங்குன நாள்லருந்து. மொதல்ல பொட்டிக்குப் பின்னாடி போட்டேன், அந்த ஓட்டையிலதானே சூட்டுக் காத்து வந்துச்சு. இப்ப நீங்க வெளிய எடுத்து வச்சிருக்கிறது அதவிட நல்லாக் காயுது."

அந்த ஆனி மழையில் வெயில் என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். அவர்கள் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. ஈரத்துணி ஆகாது, அடுப்புப் புகையில் காய்ந்ததும் ஆகாது என்று மிட்வைஃப் அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் புகையில்லாத சூடு அந்தப் பெட்டி ஒன்றுதான்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெட்டிக்குக் காய்ச்சலே இல்லை! கம்பளி போர்த்தியதுபோல் துணியால் மூடிவிட்டு, அதற்கு இத்தனை வைத்தியம். ஆனால் அவன் சிரிக்கவில்லை. ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விழுந்துவிடாமல் திரும்பப் போட்டான்.

மறுநாள் காலை தோட்டத்து வேன் வந்து ஹோன் அடித்தது. பெரிய கிளாக்கர் முன் சீட்டில் இருந்தார். பெட்டியைத் தூக்க நான் உள்ளே போனேன். மழை கூரையைப் பிளந்தது. பிள்ளையின் மூச்சு வாசல்வரை கேட்டது. ரேடியேட்டர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு உட்கார்ந்து ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கார் சுவரில் மோதுவதை அவன் கவனிக்கவேயில்லை. ஒரு கை கீ போர்டில், ஒரு கை காற்றுக்கு வழி விட்டு இரண்டிரண்டாகத் துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னாடா இது? வேன் நிக்குது."

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. சும்மா போட்டு வச்சா சூடு வரமாட்டேங்குது. ஓட்டிக்கிட்டே இருந்தாத்தான் வருது."

"ஆபீசுல என்னா சொல்லுவ?"

"தோத்துட்டேன்னு சொல்லிருங்க."

நான் வெளியே போய் வேனை அனுப்பிவிட்டேன். பெரிய கிளாக்கர் திட்டிக்கொண்டே போனார். திரும்பி வந்து பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். அவன் கை வலித்தபோது நான் ஓட்டினேன், நான் ஓட்டும்போது அவன் காய்ந்த துணியை மடித்தான். என்னைப்போல் மோசமான டிரைவரை அந்தக் கம்ப்யூட்டர் பார்த்திருக்காது. சாயங்காலம் மழை விடவில்லை, ஆனால் பிள்ளை காய்ந்த துணியில் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு நான் மாற்றலாகிப் போனேன். அவன் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போதும் விடாமல் மழை பெய்கிற நாட்களில் அவன் ஞாபகம் வரும். அவன் எங்கே இருந்தாலும், அவன் வீட்டுத் துணியெல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.