இன்னும் ஓர் உருண்டை

இடித்த கிழங்கில் பிடித்த நான்காவது ஃபூஃபூ உருண்டை தொப்பென்று சூப்பில் விழுந்து, பொக்குவாவின் மூக்கு வரை தெறித்தது.

"அத்தை, போதும்!"

"உனக்குப் போதும். உள்ள இருக்கறதுக்கு?" என்றாள் மாமியார் டுஃபியே.

பொக்குவாவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பே கொஞ்சம் பருமன்தான். நாற்காலியில் பார்த்துப் பார்த்துத்தான் உட்காருவாள். இப்போது ஒரு பயம் வேறு. அன்று காலைதான் ஆஸ்பத்திரி மருத்துவச்சி மான்சா எச்சரித்திருந்தாள். பொக்குவா அதை மாமியாரிடம் பொறுமையாக விளக்கினாள்.

"அத்தை, நான் மொதல்லயே குண்டு. இன்னும் கண்டபடி எடை ஏறினா, வயித்தைக் கிழிச்சுக் குழந்தைய எடுக்கற மாதிரி ஆகலாமாம்."

டுஃபியே அகப்பையைக் கீழே வைத்தாள். "நெஜமாவா? அந்த மான்சாவா சொன்னா?"

"ஆமாம். பட்டினி கிடக்கவும் கூடாதாம். அளவா சாப்பிடணுமாம்."

"அடடா" என்று டுஃபியே யோசனையில் ஆழ்ந்தாள். பாவம், புரிந்துகொண்டாள் என்று பொக்குவா நினைத்தாள்.

மறுநாள் ஆட்டுக்கறி போட்ட வேர்க்கடலைச் சூப் வந்தது. பக்கத்தில் தட்டு நிறைய வாழைப்பழப் பொரியல்.

வீட்டில் இருந்தால்தானே இந்த வம்பு? மதியச் சாப்பாட்டைத் தன் தலை பின்னும் சலூனிலேயே முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள் பொக்குவா. ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பாதி பின்னியிருக்கும்போது, கெஜெத்தியா சந்தைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டுஃபியே வந்தாள். தலையில் பானை.

"பிள்ளைத்தாச்சிய நிக்க வச்சு வேலை வாங்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று வாடிக்கையாளர்கள் மேல் பாய்ந்தாள்.

"சாப்பிடும்மா, எங்களுக்கு என்ன அவசரம்!" என்றார்கள் அவர்கள், ஏதோ தங்கள் வீட்டுப் பானை மாதிரி. பாதித் தலைக்காரிகூட எழுந்து தட்டு கழுவித் தந்தாள்.

பொக்குவா புருஷனிடம் முறையிட்டாள். "உங்கம்மாவ நீங்கதான் கேக்கணும்."

ஒபெங் டயர் கடை வைத்திருப்பவன். லாரி டயரைத் தனி ஆளாக உருட்டுவான். அம்மா என்றால் மட்டும் காற்று போய்விடும். "எதுக்கு வீண் சண்டை? மேசைக்குக் கீழ தள்ளு, நான் சாப்பிட்டுக்கறேன்" என்றான்.

தள்ளினாள். ஒரே மாதத்தில் ஒபெங்கின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துச் சூப்பில் விழுந்தது. டுஃபியே குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள்.

"எருமை! நீயா பெக்கப்போற?"

அதற்குப் பிறகு அவள் மருமகள் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாயும் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசி வழியாக, பொக்குவா மாமியாரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். மான்சா கண்டிப்பானவள், மேசையைத் தட்டித்தான் பேசுவாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. மாசமாகறதுக்கு முன்னாடியே எடை கூட. அதுக்கு மேல ஏற ஏற, ஆபரேஷனுக்கு வாய்ப்பும் ஏறும். புரியுதா?"

"நல்லாப் புரியுது தாயி" என்று டுஃபியே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஒரு பெரிய சேனைக்கிழங்கைக்கூடப் பரிசாகக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் பனம்பழச் சூப், வறுத்த மீன், பால் டின்னைக் கவிழ்த்துக் கலக்கிய மைலோ.

"அத்தை! இவ்வளவு நேரம் அவ யார்கிட்ட கத்தினா? சுவத்துக்கிட்டயா?"

"கோவப்படாத. கோவத்துல உடம்பு இளைச்சுடும்."

பொக்குவா வாயை மூடிக்கொண்டு காலை நம்பினாள். மான்சாவிடம் கேட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் மேட்டுத் தெருவில் நடந்தாள். மூன்றாம் நாளே பின்னால் ஒரு டாக்ஸி ஊர்ந்து வந்தது. ஜன்னலில் டுஃபியேயின் தலை.

"ஏறிக்கோம்மா! வண்டியிலயே ஊரச் சுத்திப் பாக்கலாம்! வறுத்த கடலை வச்சிருக்கேன்!"

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பொக்குவா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவளும் விடவில்லை, டாக்ஸியும் விடவில்லை. இப்படியே மாதம் நிறைந்தது.

வலி எடுத்ததும் எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. கொழுகொழுவென்று பெண் குழந்தை. பொக்குவா குழந்தையை மார்போடு அணைத்தபடி, ஜெயித்துவிட்ட நிம்மதியில் கண்ணை மூடினாள்.

வெளியே யாரோ ஓவென்று அழுதார்கள். சந்தேகமே இல்லை, மாமியார்தான்.

"சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நல்லா இருக்கோம். இன்னும் அவங்களுக்கு என்ன குறையாம்?" என்று பொக்குவா எரிந்து விழுந்தாள்.

அப்போதுதான் வெளியே செய்தி சொல்லிவிட்டு வந்திருந்த மான்சா, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஒபெங்கைப் பெத்தப்ப மூணு நாள் வலியில துடிச்சேன். எம் மருமகளுக்காவது மயக்க ஊசி போட்டு நோகாம எடுத்துடட்டும்னுதானே இத்தனை மாசமா ஆக்கி ஆக்கிப் போட்டேன், எல்லாம் வீணாப் போச்சே'ன்னு அழறாங்க!"