திருடுபோன 6,728 ஜோடி ஷூ

ஆம்பூர்,
28.3.2008, வெள்ளிக்கிழமை.

கர்த்தருடைய கிருபையிலும் பெங்களூர் குளிர்காற்றிலும் சுகமாயிருக்கும் அருமை மைத்துனன் ரெனால்டுக்கு, உன் அக்காள் கிரேஸியின் கணவனும் ஷூ கம்பெனி டெஸ்பாட்ச் இன்சார்ஜுமாகிய கிறிஸ்துராஜ் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். என்னைத் திருடன் என்கிறார்கள் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

மூன்று நாளாக உன் போன் அணைந்திருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினால், நீ பயிற்சியில் இருப்பதாக உன் கணினியே பதில் எழுதுகிறது. நீ செய்கிற கணினிகள் எல்லாமே நீ இல்லாதபோது தாமாகப் பேசக்கூடியவை என்று இப்போது தெரிகிறது. ஆகவே உன் சென்னை ஆபீஸ் சூரியபிரகாஷிடம் விடுதி விலாசம் வாங்கித் தபாலில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, திங்கட்கிழமை, முதலாளி முக்தார் அகமதுவின் அறையில், எங்கள் உற்பத்தியைக் காட்டும் உன் கணினித் திரையை நீ திறந்துவைத்தாய். கட்டிங், தையல், அச்சில் ஏற்றும் லாஸ்டிங், பேக்கிங் என்று நான்கு வட்ட மீட்டர்கள், நடுவில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் ஒரு கறுப்பு ஷூ. மவுஸை அதன்மேல் வைத்தால் நின்றது, எடுத்தால் சுற்றியது. முதலாளி அதைப் பதினேழு முறை நிறுத்திப் பார்த்தார். உண்மையான எண்ணிக்கையோ அக்கவுண்ட்ஸ் அறை சர்வரில் இருந்தது. அங்கே சுந்தரி, உற்பத்தித் தளத்திலிருந்து வரும் சீட்டுகளைப் பார்த்துத் தினமும் ஏற்றுகிறாள். திரையும் சர்வரும் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மாதிரி, நடுவே போய்வர ஒரு தரகர் வேண்டும், அவர் பெயர் வெப் சர்வீஸ், அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று நீதான் விளக்கினாய். தரகர் வரும்வரை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, தானாக ஏறிக்கொண்டே போகும் சில எண்களைப் போட்டுவைத்ததையும் சொன்னாய். அதை என்னிடம் மட்டும் சொன்னாய். அதுவும் பஸ் கிளம்பிய பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாய்.

அடுத்த வாரம் ஆறு வாரமானது. ஷூ வாங்கும் ஜெர்மனி பையருக்கும் முதலாளி அந்தத் திரையின் இன்டர்நெட் விலாசத்தை அனுப்பிவிட்டார். பன்னிரண்டாயிரம் ஜோடி ஆர்டர், ஏப்ரல் 7 கப்பல். மார்ச் 19 அன்று திரை 8,900 ஜோடி தயார் என்றது, சுந்தரியின் சீட்டு மூவாயிரத்துச் சொச்சம் என்றது. நான் சீட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். "இன்னா கிறிஸ்துராஜ், அந்தப் பொண்ணு சாப்டுட்டு வேலைக்கு வருதா இல்லியா? கம்ப்யூட்டர் ஜாஸ்தி சொல்லுதுன்னா, பேப்பர் கம்மியா சொல்லுதுன்னு அர்த்தம்" என்றார். மீலாது நபியும் பெரிய வெள்ளியும் இந்த வருடம் ஒரே நாளில் வந்ததால், சரக்குதான் இருக்கிறதே என்று ஈஸ்டர் திங்கள்வரை நாலு நாள் லீவும் விட்டார். பூட்டிய கம்பெனியில் உன் திரை மட்டும் வேலை செய்து 9,840க்கு வந்தது. ஈஸ்டர் அன்றும் உழைக்கிற தொழிலாளர்களை வாழ்த்தி ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை 11.10க்கு, யாரிடமும் சொல்லாமல், பெங்களூரிலிருந்தபடியே நீ திரைக்கும் சர்வருக்கும் இணைப்பைக் கொடுத்தாய். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வேலையை முடித்தாய். பேக்கிங் மீட்டரின் முள் தொப்பென்று 3,112இல் விழுந்தது.

"நேத்து வரிக்கும் நல்லா ஓடினு இருந்துச்சேப்பா! மீதி எங்க?" என்றார் முதலாளி.

"சார், இதான் நெஜம். முன்ன காட்னது சாம்பிள் சார்" என்றேன்.

"சாம்பிளா? சாம்பிள்னா ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி. ஆறாயிரத்து எழுநூத்து இருபத்தெட்டு ஜோடியையா ஒருத்தன் சாம்பிள் எடுத்துனு போவான்? கோடவுன் சாவி யாரு கிட்ட இருக்குது?"

சாவி என்னிடம் இருந்தது. இப்போது இல்லை. வாட்ச்மேன் மக்பூல் அகமதுவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அவ்ளோ சரக்கு போறதுன்னா ரெண்டு லாரியாவது வேணும் சாப். என்னத் தாண்டி ரெண்டு லாரி போவுமா?" என்று அவர் எனக்காகத்தான் வாதாடினார். முதலாளி நோட்டில் "லாரி இரண்டு" என்று குறித்துக்கொண்டார். வருகிற புதன்கிழமைக்குள் சரக்கு வராவிட்டால் ஸ்டேஷனில் புகார், அதில் முதல் பெயர் என்னுடையது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு லேஸ்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவன், தைக்கவே தைக்காத ஷூவைத் திருடியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அக்காள், "என் தம்பி செஞ்சது தப்பா இருக்காது. நீங்கதான் எங்கியாவது மாத்தி வெச்சிருப்பீங்க, நல்லா தேடுங்க" என்கிறாள்.

ஆகையால் உன் கம்பெனி லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, மேற்படி 6,728 ஜோடி ஷூக்கள் எக்காலத்திலும் எவராலும் தயாரிக்கப்படவில்லை என்று ஒரு சான்றிதழை உடனே கூரியரில் அனுப்பு. இணைப்பையும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதே. உண்மையை ஒருமுறை காட்டிய திரை தொடர்ந்து காட்டட்டும்.

கர்த்தர் உன் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. அவற்றை ஆரம்பிக்கும்போது இல்லாவிட்டாலும், முடிக்கும்போதாவது எங்களிடம் சொல்லும் புத்தியையும் தருவாராக. ஃபீபியும் ஷாஜினும் மாமாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. சான்றிதழ் வேண்டவே வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது, மணி இரண்டுக்கு, கரண்ட் போனது. ஜெனரேட்டர் காலையிலிருந்தே பழுது. சர்வர் அணைந்தது, முதலாளியின் லேப்டாப்பில் பேட்டரியும் இன்டர்நெட் டேட்டா கார்டும் இருந்ததால் உன் திரை மட்டும் உயிரோடிருந்தது. அது சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது, பதில் இல்லை என்றதும் பழைய 9,840ஐயே எடுத்துக் காட்டிவிட்டது. "சரக்கு வந்துடுச்சுப்பா!" என்று முதலாளி போட்ட சத்தம் தையல் ஹால்வரை கேட்டது. புகாருக்குப் பயந்து திருடன் திருப்பி வைத்துவிட்டானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார், சாவியைத் திருப்பிக் கொடுத்தார், கேட் ரிஜிஸ்டரில் "6,728 ஜோடி திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதி நீட்டினார். மூன்று நாளாகத் திருடனாக இருந்தவன் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டேன்.

பிறகுதான் சூரியபிரகாஷுக்குப் போன் செய்தேன். "சர்வர் கெடைக்கலன்னா ஸ்க்ரீன் காலியா இருக்கும், பாக்க அசிங்கம்னு ரெனால்டு அப்டி வெச்சிருக்கான் சார். நான் மாத்த முடியாது, பாஸ்வேர்டு அவன்கிட்டதான்" என்றான். சர்வர் உயிர்பெற்றால் முள் மறுபடி 3,112இல் விழும், எனவே இதைப் படித்தவுடன் அந்த இணைப்பைப் பிடுங்கி எறி. ஜெனரேட்டர் மெக்கானிக் வாசலில் வந்து நின்றான், நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். கரண்ட் இன்றைக்கே நாலு மணிக்கு வரும்.