மூன்றாவது கோட்டில் என் மூக்கு

கித்துல்கலயில் ஒரு மனிதரின் மானத்தை வாங்க எங்கள் அளவுக்காரருக்கு ஒரு சுவர் போதும்.

றப்பர் பெக்டரியில் பால் அளந்தவர் அவர். பெக்டரியை மூடிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஆறு பெருகி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் வரும்போதெல்லாம், தண்ணீர் நின்ற உயரத்தைப் பெக்டரிச் சுவரில் சிவப்புக் கோடாகப் போட்டு வைத்தார். மொத்தம் ஐந்து கோடுகள். அதோடு விட்டாரா? போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்து அந்தச் சுவரோடு நிற்க வைத்தார்.

"மூணாவது கோடு வந்தா ஒங்களுக்கு மூக்கு வரைக்கும் தண்ணி, டீச்சர்!"

நான் நாலடி ஏழங்குலம். படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் இப்படியா சொல்வது? "ஒங்க வேலையப் பாருங்க!" என்று சீறினேன். அவரோ கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டார்.

எதற்கு என்று கேட்டால் அடுத்த ஆளைப் பிடித்துச் சுவரோடு நிறுத்துவார். லொத்தர் நம்பர் பார்க்கிறார் என்றார் கடை நானா. "சவப்பெட்டிக்கு அளவெடுக்குறாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதன்பின் பாதி லயம் சுற்றுவழியில் போனது.

பிறகு பெக்டரியை ஹோட்டலாக்க வந்தார்கள். ஆற்றில் படகு விட வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்காம். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்த அன்று, அளவுக்காரர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இந்தக் கோடு போச்சுன்னா எல்லாமே போச்சு, சேர். ஒரு மணித்தியாலம் குடுங்க."

எஞ்ஜினியர் சிரித்தார். அளவுக்காரர் அவரையும் சுவரோடு நிறுத்தி, "நாலாவது கோட்டுக்கு ஒங்க தாடி நனையும்" என்றார். சிரிப்பு நின்றது. ஒரு மணித்தியாலம் கிடைத்தது. கீழே கட்டவிருந்த படுக்கையறைகளும் மறுவாரமே வரைபடத்தில் மேல்மாடிக்கு ஏறிவிட்டன.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அளவுக்காரர் ஐந்து கோடுகளையும் அதே உயரத்தில் ஒரு மூங்கிலில் எடுத்து லயத்து வாசலில் நட்டார். லயமும் பெக்டரியும் ஒரே தரைமட்டம்.

போன மழையில் தண்ணீர் அந்த மூங்கிலின் முதல் கோட்டைத் தொட்டதும், என் கதவு படபடவென்று அதிர்ந்தது. கொப்பியோடு அளவுக்காரர்.

"முதுகுல ஏறுங்க, டீச்சர்."

"ஐயையோ, பிள்ளைகள மொதல்ல..."

"பிள்ளைக பூரா மேட்டுக் கோயிலுக்கு ஏத்தியாச்சு. பெரியவங்கள்ல கட்டையானவங்க மொதல்ல. நீங்கதான் ஒண்ணாம் நம்பர்."

"இதுக்குத்தான் அளந்தீங்களா? சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா ராவெல்லாம் ஆத்தையே பாத்துக்கிட்டு முழிச்சிருப்பீங்க."

அவர் முதுகில் ஏறிக்கொண்டேன். நனையாமல் இருக்கக் கொப்பியை வாங்கித் தலைக்கு மேலே பிடித்தேன். குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாக எங்கள் பெயர்கள்.

இத்தனைக்கும் அவர் என்னைவிட அரை அங்குலம் குள்ளம். பாவி மனுஷன், தன் பெயரைக் கடைசியில் எழுதியிருந்தார்.